கிணற்றடியில் ஒரு கிழமை

கொக்குவிலிற் படலையைத் திறந்து ஒரு வளவுக்குள் நுழைகிறவன் கண்ணுக்குக் கிணறு தப்பாது. ஆறில்லாத ஊர் இது. குடாநாடு முழுவதிலுமே மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று சொல்லிக்கொள்ள வேறொன்றில்லை. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீரே. இவ்வூரின் ஏழாம் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கிணற்றைப்பற்றிப் பள்ளியில் என்ன கற்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். விஞ்ஞானத்தில் நீர் ஒரு கரைப்பான். புவியியலிற் சுண்ணாம்புக்கல் ஒரு படிவுப் பாறை. கணிதத்தில் கனவளவு ஒரு சூத்திரம். மூன்றும் மூன்று கொப்பிகளிற் கிடக்கின்றன. அவை மூன்றும் தன் வீட்டுக் கிணற்றைப்பற்றியவை என்று அவனுக்கு எடுத்துச் சொல்வார் அரியர்.

தரம் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகளில், ஆண்டுக்கு ஒரு கிழமையேனும் பாடவேளை மணியை நிறுத்திவைத்து, எல்லா ஆசிரியரும் ஒரே பொருளைக் கற்பிக்கவேண்டும் என்பதே என் கருத்து. நமக்கு அந்தப் பொருள் கிணறாகலாம்.

கணித ஆசிரியரிடமிருந்தே தொடங்குவோம். கயிற்றிற் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டத்தை அளக்கச் சொல்லட்டும். கடல்நீரின் அடர்த்தி நன்னீரின் அடர்த்தியிலும் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு மிகுந்தது. ஆதலின், கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே உவர்நீரின்மீது அது ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு மிதந்துகொண்டிருக்கும். அளவின்றி இறைத்து மேலே ஓரடியைத் தாழ்த்திவிட்டால், காலப்போக்கிற் கீழே நாற்பதடியை இழப்போம். விகிதசமன் என்ற பாடத்துக்கு இதனிலும் நெஞ்சில் தைக்கும் உதாரணம் உண்டோ? புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதன் காரணமும் அப்போது மாணவனுக்குத் தானே விளங்கும். துலாவையும் ஆடுகாலையும் கண்ட கிழவர் எவரேனும் அயலில் இருந்தால், நெம்புகோலைப்பற்றி விஞ்ஞான ஆசிரியர் அதிகம் பேசவேண்டியதில்லை.

ஆயினும் விஞ்ஞானத்துக்கு வேறொரு வேலை காத்திருக்கிறது. வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல், மழையை விரைந்து உள்ளே விடுவதுபோலவே தோட்டத்து உரத்தையும் மலசலகூடக் குழியின் கழிவையும் விட்டுவிடும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. மேற்பட்டால் முதலில் வருந்துவது புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங்குழந்தை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இக்கிழமையிற் பேசத்தக்கதே. அதைக் குடியியல் ஆசிரியர் எடுத்துக்கொள்ளலாம்.

வரலாற்று ஆசிரியருக்குப் பழைய காணி உறுதிகள் போதும். கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எத்தனை நுணுக்கமாக அவற்றிற் பிரித்து எழுதப்பட்டிருக்கின்றன! ஒரு கிணற்றின் பின்னங்களைக் கூட்டிப் பார்க்கச் சொன்னாலே கணிதமும் வரலாறும் ஒரு வாங்கில் அமர்ந்துவிடும்.

இவ்வளவோடு நின்றால் அது கண்ணுக்கினிய கிழமையாகவே முடியும். கிணற்றடியில் நின்றவர் எல்லோரும் நீர் அள்ளியவர் அல்லர். பிறர் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு எட்ட நின்ற மக்கள் இக்குடாநாட்டில் இருந்தார்கள். சாதி காரணமாகப் பொது நீர்நிலையைத் தடுப்பது குற்றமென்று சொல்ல 1957 இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. சட்டம் வந்த பின்னரும் வழக்கம் உடனே மாறிவிடவில்லை. கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டார். இதனை ஒளித்துவைத்துக் கிணற்றைக் கற்பிப்பதிலும், பழையபடி மூன்று கொப்பிகளிற் கற்பிப்பதே நேர்மை.

எதிர்ப்புரைகள் இல்லாமலில்லை. பரீட்சை நெருங்குகிறது என்பார்கள் பெற்றோர். நாலாண்டில் நாலு கிழமையால் எவருடைய சித்தியும் குறைந்துவிடாது என்பது என் விடை. பின்லாந்தின் 2016 ஆம் ஆண்டுப் பாடவிதானம் இத்தகைய பலதுறைக் கற்றலை ஆண்டுக்கு ஒரு முறையேனும் நடத்துமாறு பள்ளிகளைப் பணித்தது. அந்நாட்டார் கல்வியில் தாழ்ந்துபோயினர் என்று இதனை மட்டும் காட்டிச் சொல்ல இயலாது. நம் நாட்டிலேயே 1972 இன் சீர்திருத்தம் ஒன்றிணைந்த விஞ்ஞானத்தையும் சமூகக் கல்வியையும் ஊர்த்தொழில்களை ஆராயும் பாடத்தையும் கொண்டுவந்தது. 1977 இல் ஆட்சி மாறியபின் அத்தொழிற்பாடம் நிலைக்கவில்லை. தம் பிள்ளையை மறுபடி தோட்டத்துக்கே அனுப்பப் பார்க்கிறார்கள் என்ற ஐயம் பெற்றோருக்கு இருந்தது. அந்த ஐயத்தை நான் இகழமாட்டேன். ஆகையாற்றான் இக்கிழமையிற் கணிதம் உண்மையான கணிதமாக இருக்கவேண்டும் என்கிறேன். கிணற்றின் படத்துக்கு வர்ணம் தீட்டுவது கணிதமாகாது. பொருந்தாத பாடத்தை வலிந்து இழுத்து வரவும் வேண்டாம். சங்கீத ஆசிரியருக்குச் சொல்ல ஒன்றும் இல்லையெனில் அவர் தம் பாட்டில் இருக்கட்டும்.

கிழமையைத் தையில் வைத்தால் நீர் மேலே நிற்கும். ஆவணியிலும் ஒருமுறை அதே கயிற்றை இறக்கி அளந்துகொள்ளலாம். நாள் குறிப்பது எளிது. குடத்தோடு எட்ட நின்றவர்களைப்பற்றிய பாடவேளையை எந்த ஆசிரியர் எடுப்பது என்பதைத்தான் ஆசிரியர் கூட்டத்தில் முதலிற் பேசித் தீர்க்கவேண்டும்.