எலுமிச்சம்பழம் மட்டும் போதுமா?

ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். பூஜை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் குனிந்ததுதான் குனிந்தோம், அந்த டயரை ஒரு பார்வை பார்த்தோமா?

கார் ரோட்டைத் தொடுவது நான்கு உள்ளங்கை அகல ரப்பரில்தான். பிரேக் எவ்வளவு நல்லா இருந்தாலும் அந்த ரப்பர் பிடித்தால்தான் வண்டி நிற்கும். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மழைத்தண்ணீரைச் சரியாக வெளியே தள்ளாது, வண்டி வழுக்கும். சட்டப்படியும் அது தவறு. காற்று குறைந்தாலோ டயரின் பக்கம் மடங்கி மடங்கிச் சூடேறி, வேகத்தில் வெடிக்கலாம்.

"பார்க்க நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்லாதீங்க. ரேடியல் டயர் கண்ணை ஏமாற்றும். 15 நாளுக்கு ஒருமுறை, வண்டியை எடுக்கும் முன்பே கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவோரத்திலேயே ஒட்டியிருக்கிறது. ஸ்டெப்னியையும் மறக்கக் கூடாது.

டிப்ளமோ படிக்கும் நாம் இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? நம்ம தெருவிலிருந்தே தொடங்குவோம்!