பம்பில் எதனோல் வீதத்தை எழுதுங்கள்

புவாண்ட்-கிளேரில் காஸ் அடிக்கிற எங்கடை ஆக்கள் லீற்றர் விலையைத்தான் பார்க்கினம். அதற்குள் எதனோல் எவ்வளவு என்று கேட்பவர் குறைவு. இனிக் கேட்க வேணும்.

கியூபெக் விதிப்படி, விநியோகத்தர்கள் பெற்றோலில் சேர்க்க வேண்டிய குறைகார்பன் எரிபொருள் 2023இல் 10 வீதம், 2025இல் 12, 2028இல் 14, 2030இல் 15. இதில் பெரும்பங்கு எதனோல்தான்.

10 வீதத்தைச் சாதாரண கார் தாங்கும். அதற்கு மேலே போனால் காரின் வயதைப் பார்க்க வேணும். அமெரிக்கா 15 வீதக் கலவையை 2001 மொடலுக்கும் அதற்குப் பிந்திய கார்களுக்குமே அனுமதித்தது. 85 வீதக் கலவையைச் சாதாரண காருக்கு அடிக்கவே கூடாது. எதனோல் ஈரத்தை இழுக்கும். கோடை முழுக்கக் கராஜில் கிடக்கும் பனி அள்ளும் மெஷினுக்கு அதுவே வினை.

இந்தியா 2025இல் 20 வீதத்தை எட்டியது. எதனோல் இல்லாத பெற்றோலும் வேணும் என்ற மனுவை உச்ச நீதிமன்றம் அந்த செப்டெம்பரில் தள்ளுபடி செய்தது. பழைய வண்டிக்காரர் புலம்புவதுதான் மிச்சம்.

எதனோல் கெட்டது என்பதல்ல வாதம். ஆற்றுக்கு அக்கரையில் வரேன் நகரில் சோளத்திலிருந்து அதை வடிக்கிறார்கள், விவசாயிக்கும் வருமானம். ஆனால் லீற்றருக்கு லீற்றர் பார்த்தால், பெற்றோலைவிட மூன்றிலொரு பங்கு சக்தி குறைவு. காசு கொடுப்பவருக்கு அது தெரிய வேண்டாமா?

பம்பில் சரியான வீதம், பழைய வாகனங்களுக்கு 10 வீதம் தாண்டாத ஒரு தெரிவு: இரண்டையும் 2028க்கு முன் அரசு கட்டாயமாக்க வேணும். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இப்போதே கேளுங்கள்.