வசந்தத்தில் கேட்க ஒரு கசெட்

ஏப்ரல் பிறந்தால் ஊவா மலைகளில் வசந்தம். விடுமுறையில் பதுளை வீடுகளும் தோட்டப்புறங்களும் உறவினரால் நிறையும். அப்போது கேட்க எந்தக் கசெட் நல்லது? நாகூர் இ.எம். ஹனீபா என்பார்கள் பலர். 2015 ஏப்ரல் 8இல் அவர் மறைந்தாலும், அவர் பாடல்கள் இன்று கைப்பேசியிலும் கிடைக்கின்றன.

ஆனால் அதே பெட்டியில், 1980களில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன உம்மா பேசி அனுப்பிய கசெட்டும் இருக்கலாம். அது வேறெங்கும் கிடைக்காது. மலையக ஈரத்தில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஓடவிடாதீர்கள், நாடா அறுந்துவிடலாம். விபரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். ஹனீபாவின் பாட்டோடு உம்மம்மாவின் குரலையும் பிள்ளைகள் கேட்கட்டும்.