கடாரத்துக்கு ஒரு சாசனம் வேண்டும்

பண்டைக் கடாரமான கெடாவின் சுங்கை லாலாங் கடைத்தெருவில் நின்று வடமேற்கே நோக்கினால் ஜெராய் மலை தெரியும். வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலத்தார்க்கு அக்காலத்தில் திசைகாட்டியாய் நின்ற அந்த மலையின் அடிவாரத்தில், மெர்போக் ஆற்றையொட்டிய பூஜாங் பள்ளத்தாக்கில், ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னர் எழும்பிய கோயில்களின் அடித்தளங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், படகுத்துறைகளும் செம்பனை வேர்களுக்கிடையே புதைந்து கிடக்கின்றன. அதே மண்ணின் மேல், பால்மரம் சீவ வந்தவர்களின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் மாத வாடகைக்கு வீடெடுத்து வாழ்கிறார்கள். புராதனச் சின்னம் ஓர் இலாகாவின் பொறுப்பு, வீட்டு வசதி மற்றோர் இலாகாவின் பொறுப்பு என்று சர்க்கார் இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. நமக்கோ இரண்டும் ஒரே குறையாகவே தோன்றுகின்றன. சின்னங்கள் பலவற்றுக்கும் உரிமை எழுத்தில்லை, குடியிருப்பவருக்கும் எழுத்தில்லை.

2013-ஆம் ஆண்டின் இறுதியில், பதினோராம் எண் சண்டி என்று ஆராய்ச்சியாளர் குறித்து வைத்திருந்த சுங்கை பத்துக் கோயில் தரைமட்டமாக்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது நாடே திடுக்கிட்டது. குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் 1930-களில் அகழ்ந்து ஏட்டிலேற்றிய சின்னங்களுள் ஒன்றான அது, வீட்டு மனைகளுக்காக நிலம் திருத்தப்படுகையில் மண்வாரி இயந்திரத்துக்கு இரையாயிற்று. கடார சரித்திரத்தை ஆராய்ந்தெழுதிய டத்தோ வீ. நடராஜன் போன்றோர் குரலெழுப்பிய பிறகே ஊர் விழித்தது. கோபமனைத்தும் வீடு கட்ட வந்தவர்மீது பாய்ந்தது, அது நியாயமே. ஆயினும் அந்நிலம் தனியாருடையது என்பதும், அது வரலாற்று ஸ்தலமென அரசிதழில் அறிவிக்கப்படவே இல்லை என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் கையிலிருந்தும், ஒரு கோயிலைச் சுற்றி நாலு கல் நட்டு இது பொதுச் சொத்து என்று எழுதி வைக்க இத்தனை ஆண்டுகளில் ஒருவருக்கும் சிரத்தையில்லாமற் போயிற்று. மூல காரணம் அதுவே. நிலம் நமது அரசியல் சாசனப்படி மாநிலத்தின் அதிகாரத்துக்குட்பட்டது. ஆகவே இந்த அலட்சியத்துக்கு மாநில சர்க்காரே முதலில் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

மனிதர்களின் கதையும் இதற்கு வெகுதூரமில்லை. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, லயத்து வீட்டில் பிறந்து லயத்து வீட்டிலேயே மூப்படைந்த குடும்பங்கள், வேலை போன அன்றே வீடும் போன நிலையில் பாதையோரம் நின்றன. அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டம் வாங்கப் புறப்பட்டது அந்தத் துயரத்தைக் கண்டுதான். அச்சங்கம் முதலில் வாங்கிய புக்கிட் சிடிம் தோட்டம் நமது கெடாவில்தான் இருக்கிறது. எஞ்சிய தோட்டங்களில் பால்மரம் செம்பனையாயிற்று, செம்பனை தாமான் என்னும் வீட்டுக் குடியிருப்பாயிற்று. அந்தத் தாமான்களிலே, தம் தாத்தா காடழித்த நிலத்தின்மீது எழுந்த வீட்டுக்கு, பேரன் இரண்டு மாத வாடகையை முன்பணமாக வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்ற கவலையோடு குடியேறுகிறான். செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் மெர்போக்கில் மாரா பல்கலைக்கழக வளாகமும் அமைந்த பின்னர், அறைக்கு ஒரு மாணவராக வாடகைக்கு விட்டால் கூடுதல் வருமானமென்று வீட்டுக்காரர் எண்ணுவதும் இயற்கையே. அவரை நாம் குறை கூறவில்லை. குடும்பத்தோடு வாழ்கிறவனுக்குப் பாதுகாப்பான விதியொன்று இல்லையே என்பதுதான் நம் குறை.

இவ்விடத்தில் ஒரு பழைய சாசனம் நினைவுக்கு வருகிறது. கடாரத்தரசன் சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விஹாரம் எழுந்தபோது, முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்கு மானியமாகக் கொடுத்தான். அந்தத் தர்மம் பின்னால் தவறிப்போகலாகாதென்று அவன் மகன் இராஜேந்திரன் அதைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தான். பெண்யானையாகிய பிடியை நடத்தி எல்லை வகுத்து, கல்லும் கள்ளியும் நட்டு, அதன் பின்னரே ஏடெழுதுவது சோழர் வழக்கம். 1025-ஆம் ஆண்டளவில் இந்தக் கடாரத்தின்மீதே கப்பற்படை செலுத்திய மன்னன், கடாரத்தார் தன் மண்ணில் இருக்கும் உரிமையைச் செம்பில் வெட்டிக் கொடுத்திருக்கிறான். அத்தகைய எழுத்து இன்று கடாரத்திலேயே, அவ்வூர்க் கோயில்கள் பலவற்றுக்கும் இல்லை, குடிமகனுக்கும் இல்லை என்பது நமக்கு மிகுந்த வேதனை தருகிறது.

ஆகவே நாம் கேட்பது இது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் வெளிக்கொணர்ந்த உலைகளும், 2023-இல் புக்கிட் சோராஸில் தோண்டிக் கண்ட புத்த ஸ்தூபியும் நமக்குக் காட்டுவது, தெரிந்ததைவிடத் தெரியாதது இன்னும் அதிகமாய் மண்ணுக்கடியில் இருக்கிறதென்பதே. எனவே எல்லை வகுக்கும் வேலை இனி எழும்பப்போகும் ஒவ்வொரு தாமானுக்கும் முந்தியதாக இருக்கவேண்டும். அகழ்வாராய்ச்சியாளர் பார்த்துக் கையொப்பமிடாத நிலத்தில் மண்வாரி இறங்கலாகாது. வாடகைக் குடியிருப்புக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவருவதாக மத்திய சர்க்கார் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது, அச்சொல் செயலாகவேண்டும். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இரத்தாகி 2000-ஆம் ஆண்டு பிறந்ததும், பினாங்கு ஜார்ஜ் டவுனில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த வாடகைக் குடும்பங்கள் வெளியேறியதை நாம் கண்ணாரக் கண்டோம். 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பெருமை அந்நகருக்கு வந்தது. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

சின்னத்தைக் காப்பதென்றால் ஜனங்களை அப்புறப்படுத்துவதுதானே என்று சிலர் அஞ்சக்கூடும். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. சிரியாவின் பாலைவனத்துப் பல்மைராவில், பேல் கோயிலின் பிராகாரத்துக்குள்ளேயே வீடு கட்டி வாழ்ந்த மக்களைப் பிரெஞ்சு ஆட்சியினர் வெளியேற்றிப் புதிய ஊரில் குடியமர்த்தினர். ஹம்பியில் விருபாக்ஷர் கோயிலெதிரே மண்டபங்களில் குடியிருந்தோர் வீடுகளை 2011-இல் அதிகாரிகள் இடித்துத் தள்ளினார்கள். அப்படியொரு நாள் பூஜாங் பள்ளத்தாக்குக்கு வரலாகாதென்றுதான், எல்லையை இன்றே வகுத்து, அதற்குப் புறத்தே தோட்ட வம்சத்தினருக்குச் சொந்த வீட்டு மனைகளும் மலிவு வாடகை வீடுகளும் ஒதுக்கவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்காரருடன் வாய்ப்பேச்சோடு நிறுத்திவிடாமல், ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்று முத்திரை வரி செலுத்தி வையுங்கள். நீதிமன்ற உத்தரவின்றிக் குடியிருப்பவரைப் பலவந்தமாக வெளியேற்றச் சட்டம் இடந்தரவில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கொல்லையில் குழி தோண்டுகையில் பழஞ்செங்கலோ இரும்புக் கசடோ கிடைத்தால், அதைத் தூக்கியெறியாமல் மெர்போக் அருங்காட்சியகத்தாரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.