பெரிய கோயிலும் பாட்டியின் தோடும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசர் அளித்த அணிகலன்களைக் கல்வெட்டுகளில் படிப்போர் வியப்படைவர். மன்னர் தந்த வைரமாயிற்றே என்று புகழ்ந்து நிறுத்தவில்லை; புள்ளியும் வெடிப்பும் உடைய கற்களும் அவற்றுள் உண்டென்று குறையையும் பொறித்திருக்கிறார்கள். முத்துகளையும் வட்டம், அனுவட்டம், கறடு, சப்பத்தி எனப் பிரித்திருக்கிறார்கள். சரடும் சட்டமும் செப்பாணியும் நீக்கி நிறுத்த எடை இது, அரக்கு உட்பட நிறுத்தது இது என்பதையும் விடவில்லை. இறைவனுக்கு ஈந்ததிலேயே ஒளிவு இல்லை!

நம் இல்லங்களிலோ, பாட்டியின் வைரத்தோடு பேத்திக்குப் போகையில், "அசல் ப்ளூ ஜாகர்" என்ற வாய்ச்சொல்லே சாட்சி. மெருகிடக் கொடுத்து வாங்கியபின் ஒரு கரும்புள்ளி கண்ணில் பட்டால், கல்லை மாற்றிவிட்டார்களோ என்று மனம் கலங்குகிறது. பழி மருமகள்மீதும் விழக்கூடும். கொடுக்குமுன்பே உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, எடையையும் புள்ளியின் இடத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வைரத்தில் எண்ணெய்ப் பசை எளிதில் ஒட்டும்; ஒளி மங்கும். எண்ணெய் நீராட்டின்போது கழற்றிவிடுவது நன்று. இளவெந்நீரில் சிறிது சோப்பு நுரை போதும். ஆனால் பின்புறம் மூடி அரக்கு வைத்த பழைய நகையை நீரில் ஊறவிடலாகாது. முத்து மென்மையானது, வைரம் உரசினால் கீறும். தனித்துணியில் முடிந்து வையுங்கள். எங்கள் வீட்டுத் தோட்டில் இடப்பக்கக் கல்லில் உள்ள புள்ளியை அடியேனும் சென்ற வாரந்தான் எழுதி வைத்தேன்.