பூட்டிய வீட்டில் ஒரு பேட்டரி



பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் என்று கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் நம்மவர் வாழும் ஊர்களில், குடும்பத்தோடு சபர் சென்றவர்களின் பூட்டிய வீடுகளைக் காணலாம். புறப்படும் நாளில் மெயின் சுவிட்சை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியை உறவினரிடம் ஒப்படைப்பார்கள். இன்வெர்ட்டரை மட்டும் மறந்துவிடுவார்கள்.

மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுக்கத் தொடங்கும். விளக்கு எதுவும் எரியாவிட்டாலும் தன் இயக்கத்திற்கே சிறிது எடுத்துக்கொள்ளும். சில நாட்களில் பேட்டரி வற்றிவிடும். அப்போது ஈயத் தகடுகளின்மீது ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் இறுகிப் படிகமாகி, பின்னர் எவ்வளவு ஏற்றினாலும் பேட்டரி பழைய வலிமையைப் பெறாது.

குளிர்நாடுகளில் பயண வண்டிகளைப் பனிக்காலம் முழுவதும் நிறுத்தி வைப்போர், பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, இணைப்பைக் கழற்றி வைப்பார்கள். குளிரில் பேட்டரி மெதுவாகவே சார்ஜ் இழக்கும். வெப்பத்திலோ விரைந்து இழக்கும். எனவே நம் ஊரில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

செய்ய வேண்டியவை இவை:

முதலில் பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்யுங்கள். நீர்மட்டம் குறைந்திருந்தால் பேட்டரி தண்ணீர் மட்டுமே ஊற்றுங்கள். கிணற்று நீரும் போர் தண்ணீரும் ஆகா. அவற்றிலுள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். அமிலமும் ஊற்றலாகாது.

பின்னர் இன்வெர்ட்டரை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றச் செய்யுங்கள். நிறுத்தி வைக்கும் காருக்கும் இதுவே விதி. அதில் முதலில் கழற்ற வேண்டியது நெகட்டிவ் இணைப்பு.

மாதம் ஒருமுறை விவரமறிந்த ஒருவர் வந்து மீண்டும் இணைத்து, முழுதாகச் சார்ஜ் ஏற்றட்டும். சார்ஜ் நின்று ஓர் இரவு கழித்து அளந்தால், நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.4க்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

கடற்காற்றில் முனைகள் பூத்துப்போகும். மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் வாசலின் தடவுங்கள்.

சார்ஜ் ஏறும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஆகவே சன்னலைத் திறந்து வையுங்கள். அருகில் ஊதுபத்தியோ சாம்பிராணியோ கூடாது. குழந்தைகளை நெருங்க விடாதீர்கள். கண்ணில் அமிலம் தெறித்தால் நிறைய நீரால் கால் மணி நேரமாவது கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

2015 இறுதியில் பெய்த பெருமழையில் கடலூர் மாவட்டத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. ஆதலால் பேட்டரியைத் தரையில் வையாது, உயரமான மேடையில் வைப்பதே நலம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் இம்மாவட்டத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நாளில் பேட்டரியைக்கொண்டு நெடுநேரம் ஓட்ட இயலாதுதான். ஆயினும் முதல் இரவில் முதியவர் இருக்கும் அறைக்கு ஒரு விளக்கும், கைப்பேசிக்குச் சிறிது சார்ஜும் அது தரும். மழைக்காலத்தில் ஊர் திரும்பும் குடும்பத்திற்கு அந்த உதவி கிடைக்க வேண்டுமானால், சாவியை ஒப்படைக்கும்போதே பேட்டரியின் பொறுப்பையும் ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்லுங்கள்.