பல்லி அல்ல, பெட்டி!

போன மாதம் குன்றத்தூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் 'டிக், டிக்' என்று சத்தம். பல்லிதான் சொல்லுகிறது என்று நினைத்தேன், கம்ப்யூட்டர் பெட்டி!

"பத்து நாளாய் இப்படித்தான் அக்கா. ஒரு படம் திறக்க அரை நாழிகை ஆகிறது" என்றாள் சாவகாசமாய். எனக்குப் பகீரென்றது. அப்பாவின் சஷ்டியப்தபூர்த்திப் படங்கள் அதற்குள்தானே இருக்கின்றன!

ஹார்ட் டிஸ்க்கும் ஒருவகையில் கிராமபோன்தான். தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றும். ஆனால் இந்த முள் தட்டைத் தொடக் கூடாது. தலைமயிர்க் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதக்கும். அது தடுமாறி இடம் தேடும் சத்தம்தான் இந்த 'டிக், டிக்'.

"ரிப்பேர் புரோகிராம் ஓட்டலாம் பெரியம்மா" என்றான் பையன். கூடவே கூடாது என்றேன். ஓட ஓடத் தட்டு கீறிப்போகும். முதலில் அப்பா படங்களை வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்தோம். பிறகு வீட்டுப் பத்திரம். பையனின் பாட்டுகள் பாதி ஏறும்போது சத்தம் பலத்தது, ஸ்விட்சை அணைத்துவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை அவன்!

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீடுகளில் புகுந்ததைத் தங்கை மறக்கவில்லை. இன்னொரு பிரதி எடுத்து என்னிடம் கொடுத்தாள். என் பீரோவில், கூறைப்புடவைக்கு அடியில் இருக்கிறது.